தெளிகனவுக்கான குளிசைகள்: விற்றமினா, மருந்தா?

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் அயல்வீட்டு மாணவன் ஒருவன் சில மாதங்களுக்கு முன்னர் ஒரு வெள்ளைப் போத்தலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். ரொறன்ரோவில் இருக்கும் மச்சானிடம் கேட்டு வாங்கியது அது. விடுமுறைக்கு வந்த உறவினரின் பயணப்பெட்டியில் சொக்கிலேற், தைலம், வழக்கமான மல்டிவிற்றமின் ஆகியவற்றோடு சேர்ந்து வந்திருக்கிறது. போத்தலைச் சுற்றியிருந்த தாளில் ஹூப்பர்சீன் ஏ, விற்றமின் பி6, கோலின் என்று மூன்று பெயர்களும், ஆழ்ந்த கனவுகளுக்கு உதவும் என்ற ஒரு வரியும் இருந்தன. "சேர், இது விற்றமின்தானே? பழுது ஒன்றும் வராதுதானே?" என்று கேட்டான். அவன் கேட்டதில் இரண்டு கேள்விகள் ஒட்டியிருந்தன. இந்த மூன்று பொருள்களும் உடலில் எங்கே வேலை செய்கின்றன என்பது ஒன்று. விற்றமின் என்ற சொல் ஒரு பொருளை எவ்வளவு தூரம் பாதுகாப்பானதாக்கும் என்பது மற்றது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தான் காண்பது கனவு என்று கனவுக்குள்ளேயே ஒருவருக்குத் தெரிந்துவிடும் நிலையைத் தெளிகனவு எனலாம். சிலருக்கு அந்த அறிவு வந்தவுடன் கனவு கலைந்துவிடும். சிலர் உறக்கத்திலேயே நின்று, கனவின் போக்கை ஓரளவு தம் விருப்பப்படி திருப்புவார்கள். சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம் என்று நிலைகளைப் பிரித்துப் பேசிய சைவ மரபில் வளர்ந்த நமக்கு, விழிப்புக்கும் கனவுக்கும் இடையில் ஒரு கலப்பு நிலை இருக்கலாம் என்பது புதுமையான எண்ணம் அன்று. ஆனால் அதனை ஆய்வுகூடத்தில் காட்டுவதற்கு 1975ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ண் என்பவர், அலன் வேர்ஸ்லி என்ற தெளிகனவாளரிடம், கனவு என்று தெரிந்தவுடன் கண்களை இடமும் வலமுமாக முன்பே பேசிவைத்தபடி அசைக்கச் சொன்னார். உறங்குபவரின் உடல் செயலிழந்து கிடந்தாலும் கண்கள் அசையும் என்பதால், அந்தச் செய்தி கருவியில் பதிவாயிற்று. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீபன் லபேர்ஜ் இதே முறையைத் தனியாக உறுதிப்படுத்தினார். 2021இல் நான்கு நாடுகளின் ஆய்வுகூடங்கள் சேர்ந்து, 36 பேரிடம், உறங்குபவரிடம் சிறு கணக்குக் கேட்டு அவர் கண்ணசைவால் விடை சொல்வதையும் பதிவுசெய்தன. ஆகவே தெளிகனவு என்பது உண்மையான நிகழ்வு. அதனை வரவழைக்கக் குளிசை விழுங்கலாமா என்பதிலேதான் சிக்கல் தொடங்குகிறது.

உறக்கம் இரவு முழுவதும் ஒரே சீராக ஓடுவதில்லை. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை சுழலும் அதில், கண்கள் இமைக்குள் விரைவாக அசையும் ஒரு கட்டம் உண்டு. 1953இல் அசெரின்ஸ்கியும் கிளைற்மனும் இதனை விவரித்து எழுதினார்கள். துலக்கமான கனவுகள் பெரும்பாலும் இந்தக் கண்ணசைவு உறக்கத்தில்தான் வருகின்றன. முன்னிரவில் ஆழ்ந்த உறக்கம் மிகுந்திருக்கும். கண்ணசைவு உறக்கமோ இரவின் பின்பகுதியில், விடியும் பக்கமாக நீண்டுகொண்டே போகும். பரீட்சைக் காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஒரு மணிநேரம் படித்து, பின்னர் மேசையிலோ பாயிலோ சரிந்துவிடும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்: அந்தக் குட்டித்தூக்கத்தில் வந்த கனவு மற்ற எல்லாவற்றையும்விடத் தெளிவாக இருந்தது என்பார்கள். தெளிகனவுக்குப் பயிற்சி எடுப்பவர்கள் வேண்டுமென்றே செய்வதும் இதையேதான். நான்கைந்து மணிநேரம் உறங்கி எழுந்து, அரைமணிநேரம் விழித்திருந்து, இப்போது வரும் கனவில் இது கனவு என்று எனக்குத் தெரியும் என மனதில் பதித்துக்கொண்டு மீண்டும் படுப்பார்கள். குளிசை விழுங்குபவர்கள், அந்த இடைவேளையில்தான் அதனை விழுங்குகிறார்கள்.

கண்ணசைவு உறக்கத்தை மூளையில் தூண்டிவிடும் முக்கிய இரசாயனங்களுள் ஒன்று அசற்றைல்கோலின். நரம்பு முனையிலிருந்து வெளிவரும் இந்தப் பொருளை, வேலை முடிந்தவுடன் உடைத்துப் போட ஒரு நொதியம் இருக்கிறது. அந்த நொதியத்தைத் தடுத்தால் அசற்றைல்கோலின் தேங்கும், தேங்கினால் கண்ணசைவு உறக்கம் வலுக்கும், கனவு துலங்கும். கனவுக்கென விற்கப்படும் குளிசைகளுள் தெளிகனவை வரவழைப்பதில் உண்மையில் விளைவு காட்டுபவை இந்த வழியால்தான் வேலை செய்கின்றன.

இவற்றுள் அதிகம் ஆராயப்பட்டது கலன்ரமைன். பனித்துளிப் பூ என்று சொல்லத்தக்க ஒரு குளிர்நாட்டுக் கிழங்குச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, 1950களில் பல்கேரியாவில் நரம்புத்தசை நோய்களுக்கு மருந்தாக வளர்த்தெடுக்கப்பட்டது இது. 2001இல் அமெரிக்காவில் அல்சைமர் மறதிநோய்க்கான மருந்தாக அனுமதி பெற்றது. தாவரவியலாளர்கள் இன்று வெங்காயத்தையும் அந்தப் பனித்துளிச் செடியையும் ஒரே பெருங்குடும்பத்தில் வைக்கிறார்கள் என்பது, வெங்காயம் நட்டு வாழும் நமக்குச் சுவையான செய்தி. ஆயினும் வெங்காயத்தைத் தின்று இந்த மருந்தைப் பெற முடியாது.

2018இல் வெளியான ஆய்வு ஒன்றே இந்தக் குளிசைக்கு இன்றுள்ள பெயரை வாங்கிக் கொடுத்தது. லபேர்ஜும் அவருடன் பணியாற்றியவர்களும் 121 பேரை மூன்று இரவுகள் ஆராய்ந்தார்கள். ஒவ்வொருவரும் ஓரிரவு மருந்தில்லாப் போலிக் குளிசையும், ஓரிரவு 4 மில்லிகிராமும், ஓரிரவு 8 மில்லிகிராமும் எடுத்தார்கள். எந்த இரவில் எது என்பது அவர்களுக்குத் தெரியாது. நான்கரை மணிநேர உறக்கத்தின் பின் எழுந்து குளிசை எடுத்து, அரைமணிநேரம் விழித்திருந்து, மனப்பயிற்சியோடு மீண்டும் படுத்தார்கள். போலிக் குளிசையில் 14 வீதமானோரும், 4 மில்லிகிராமில் 27 வீதமானோரும், 8 மில்லிகிராமில் 42 வீதமானோரும் தெளிகனவு கண்டதாகச் சொன்னார்கள். அளவு கூடக் கூட விளைவும் கூடியது. ஆகவே குளிசை வேலை செய்கிறது என்பதை நான் மறுக்கப் போவதில்லை.

ஆனால் அந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். அவர்கள் எல்லோரும் தெளிகனவில் ஏற்கனவே ஈடுபாடு கொண்டு, பயிற்சிக்கு வந்து, கனவுகளை நன்றாக நினைவில் வைத்திருக்கும் ஆட்கள். குளிசையை விழுங்கிவிட்டுச் சும்மா படுத்தவர்கள் அல்லர். மருந்தே இல்லாத இரவிலும் ஏழில் ஒருவர் தெளிகனவு கண்டார் என்பது, எழுந்து பயிற்சி செய்வதற்கே ஒரு பங்கு உண்டு என்பதைக் காட்டுகிறது. கூடிய அளவு எடுத்த இரவிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒன்றும் நடக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் அளவையும் ஒவ்வோர் இரவு மட்டும் எடுத்தவர்களைப் பற்றிய ஆய்வு இது. மாதக்கணக்காக, மேற்பார்வை இல்லாமல், வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு மூளைக்கு இதனைக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை அந்த ஆய்வு கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு அதிலிருந்து விடை எடுத்துக்கொள்வதைத்தான் நான் பிழை என்கிறேன்.

அசற்றைல்கோலினை உடைக்கும் அந்த நொதியத்தைப் பற்றி யாழ்ப்பாணத்தில் தெரியாதவர் இல்லை. பெயர் தெரியாவிட்டாலும் அதன் வேலை தடைப்பட்டால் என்ன நடக்கும் என்பதைப் பல குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் தெளிக்கப்பட்ட ஓகனோபொஸ்பேற் வகைக் கிருமிநாசினிகள் பூச்சியைக் கொல்வது இதே நொதியத்தை முடக்கித்தான். அவற்றைக் குடித்தவரோ, காற்றுக்கு எதிரே நின்று தெளித்தவரோ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படும்போது, வாயில் எச்சில் வழியும்; வியர்த்துக் கொட்டும்; கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும்; சத்தி, வயிற்றோட்டம், நெஞ்சடைப்பு எல்லாம் சேர்ந்து வரும்; நாடித்துடிப்புக் குறையும். இத்தகைய மரணங்கள் பெருகியதால்தான் இலங்கையில் 1995இல் மிகக் கொடிய கிருமிநாசினிகளும், 2008 முதல் 2011 வரையான காலத்தில் டைமெதோவேற், பென்தியன் ஆகியனவும் தடைசெய்யப்பட்டன. கலன்ரமைன் அந்த நொதியத்தை மிக மென்மையாக, மீளக்கூடிய விதத்தில் தடுக்கிறது. கிருமிநாசினியோ மீள முடியாதபடி பூட்டிவிடுகிறது. இந்த வேறுபாடு மிகப் பெரியது; குளிசையைக் கிருமிநாசினி என்று சொல்லி யாரையும் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் இரண்டும் தட்டுவது ஒரே கதவைத்தான். கலன்ரமைனை அளவுக்கு மிஞ்சி எடுத்தவருக்கு மருத்துவமனையில் கொடுக்கப்படும் மருந்தும், கிருமிநாசினி குடித்தவருக்குக் கொடுக்கப்படும் அதே அற்றோப்பின்தான். நண்பகல் வரை தோட்டத்தில் இவ்வகை மருந்து தெளித்துவிட்டு வரும் ஓர் இளைஞன் இரவில் கனவுக்கென்று இந்தக் குளிசையையும் எடுத்தால், ஒரே நொதியத்தின் மேல் இரண்டு சுமை ஏறும். ஆய்வுகளில் பங்குபற்றிய வெளிநாட்டு ஆர்வலர்களுக்கு இல்லாத ஒரு நிலை இது.

இந்த வழியை அறிந்துகொண்டால் பக்கவிளைவுகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை; ஒவ்வொன்றும் தானாகவே விளங்கும். அசற்றைல்கோலின் குடலை முடுக்குவதால் ஓங்காளமும் சத்தியும் வயிற்றுவலியும் வருகின்றன. எல்லாவற்றிலும் அதிகமாகச் சொல்லப்படுவது இவைதான். இரைப்பை அமிலத்தைக் கூட்டுவதால் குடற்புண் உள்ளவர்களுக்கும், மூட்டுவலிக்கு டைக்குளோபினாக் போன்றவற்றை எடுப்பவர்களுக்கும் குருதிக் கசிவு அபாயம் உண்டு. மூச்சுக்குழாயைச் சுருக்குவதால் முட்டு வருத்தம் உள்ளவருக்கு இது ஆகாது. இதயத்தின் துடிப்பை மெதுவாக்குவதால் தலைச்சுற்றும் மயங்கி விழுதலும் நேரலாம். இதயத்தின் மின்னோட்டப் பாதையில் ஏற்கனவே குறை இருப்பவருக்கு அது ஆபத்தாகவே முடியலாம். வலிப்பு வருத்தம் உள்ளவரும் தள்ளி நிற்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு மயக்கமருந்து கொடுக்கும்போது தசைகளைத் தளர்த்தப் பயன்படும் சில மருந்துகளின் விளைவை இது நீட்டிவிடும் என்பதால், மயக்கமருந்து வைத்தியரிடம் இதனைச் சொல்லியே ஆக வேண்டும். நித்திரைக்கு என்று ஏதோ விற்றமின் போட்டேன், அதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் நம்மிடையே அதிகம்.

காலக்கணக்கையும் கவனிக்க வேண்டும். கலன்ரமைனின் பாதி உடலிலிருந்து வெளியேற ஏறத்தாழ 7 மணிநேரம் பிடிக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு எடுத்த குளிசையின் பாதி, காலை பத்து மணிக்கும் உடலில் இருக்கும். அந்த நேரத்துக்குள் பிள்ளை மோட்டார்சைக்கிளில் ரியூசனுக்குப் போயிருக்கும். தகப்பன் வேலைக்குப் போயிருப்பார். ஓங்காளமும் தலைச்சுற்றும் பாயோடு முடிந்துவிடுவதில்லை. சில பொதுவான மருந்துகள், குறிப்பாக மனச்சோர்வுக்குத் தரப்படும் பறொக்செற்றின் போன்றவை, ஈரல் இதனை அகற்றும் வேகத்தைக் குறைத்து இரத்தத்தில் இதன் அளவை உயர்த்துகின்றன.

முதியவர்களைப் பற்றித் தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மறதிநோயாக இன்னும் முற்றாத, இலேசான நினைவுக் குறைபாடு உள்ளவர்களிடம் கலன்ரமைனைச் சோதித்த ஆய்வுகளில், போலிக் குளிசை எடுத்தவர்களைவிட மருந்து எடுத்தவர்களிடையே அதிக மரணங்கள் பதிவானதால், 2005இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. தெளிகனவு இளைஞர்களின் விளையாட்டு, முதியவருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். நம் வீடுகளில் வெளிநாட்டுப் போத்தல் ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை என்பதே பதில். நினைவாற்றலுக்கு நல்லது என்று எழுதிய எதுவும் அம்மம்மாவின் தட்டுக்கும் போய்ச் சேரும்.

மாணவனின் போத்தலில் இருந்த ஹூப்பர்சீன் ஏ, சீனாவில் வளரும் ஒரு பாசிபோன்ற செடியிலிருந்து கிடைப்பது. அதுவும் அதே நொதியத்தைத்தான் தடுக்கிறது. மில்லிகிராமில் அல்லாமல் மைக்கிரோகிராமில், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கில், அளக்கப்படும் அளவுக்கு வலுவானது. உடலில் கலன்ரமைனைவிட நீண்டநேரம் தங்குவது. தெளிகனவுக்கென இதைப்பற்றி நடந்த ஆய்வு கலன்ரமைனுக்கு நடந்ததோடு ஒப்பிடும் தரத்தில் இல்லை. அப்படியிருக்க, மருந்தாகக் கட்டுப்படுத்தப்படும் பொருளைவிட இது பாதுகாப்பானது என்று எண்ணுவதற்கு, மூலிகையிலிருந்து வந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எதையும் நான் காணவில்லை. கலன்ரமைனும் மூலிகையிலிருந்து வந்ததுதான்.

விற்றமின் பி6 பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் விற்றமின்தானே என்ற சொல்லுக்கு உண்மையில் உரியது அதுதான். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் பி6 போதும். அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் பல்கலைக்கழகத்தில் 100 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், படுக்கும் முன்னர் 240 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள்கள் எடுத்தவர்களுக்குக் கனவின் உள்ளடக்கம் அதிகமாக நினைவில் நின்றது. ஆனால் கனவின் துலக்கமோ விசித்திரமோ கூடவில்லை. பி வகை விற்றமின்கள் பலவற்றைச் சேர்த்து எடுத்த பிரிவினரோ உறக்கம் சரியில்லை, எழும்போது களைப்பாக இருந்தது என்று சொன்னார்கள். அந்த 240 மில்லிகிராம் நாளாந்தத் தேவையின் நூறு மடங்கையும் தாண்டியது. அமெரிக்காவில் நாளொன்றுக்கு 100 மில்லிகிராமை மேல்எல்லையாக வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2023இல் அதை 12 மில்லிகிராமாகவே வகுத்தது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரமே, இந்த விற்றமினின் நச்சுத்தன்மையை அறிஞர்கள் எவ்வளவு கவலையோடு மீளப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லும்.

நீண்டகாலம் கூடிய அளவில் எடுக்கப்படும் பி6 கைகால்களின் உணர்வு நரம்புகளைத் தாக்கும். பாதத்தில் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, எரிவு, இருட்டில் நடக்கும்போது தடுமாற்றம் என்று அது தொடங்கும். சலரோகம் மலிந்த நம் ஊரில் இதே அறிகுறிகளைச் சலரோகத்தின் தலையில் போட்டுவிடுவது எளிது. போட்டபின் நடப்பது இன்னும் மோசம்: கால் விறைக்கிறது என்பவருக்கு நரம்புக்கு என்று தரப்படும் பி கூட்டுக் குளிசைகளில் பலவற்றில் 100 அல்லது 200 மில்லிகிராம் பி6 இருக்கும். ஏற்கனவே அதை எடுப்பவர் கனவுக் குளிசையையும் சேர்த்துக்கொண்டால், நரம்பைக் காப்பதாக நினைத்தே நரம்பைக் கெடுத்துக்கொள்வார். குளிசையை நிறுத்தினால் பெரும்பாலானோர் தேறுவார்கள். ஆனால் மெதுவாக, சிலவேளை முழுமையாக அல்ல.

மற்றவற்றை விரைவாகக் கடக்கலாம். கோலின் முட்டையிலும் ஈரலிலும் உள்ள சத்து. மிகுதியாக எடுத்தால் வியர்வையும், உடலில் மீன்வாடையும், இரத்த அழுத்தத் தாழ்வும் வரும். மெலற்றோனின் உறக்க நேரத்தைச் சரிசெய்ய உதவலாமே தவிர, தெளிகனவைத் தரும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. 5-எச்ரிபி என்ற பொருள் உடலில் செரற்றோனினாக மாறுவது. மனச்சோர்வுக்குப் புளொக்செற்றினோ சேற்றலினோ எடுப்பவர் அதைச் சேர்த்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம், தசை இறுக்கம் என்று உயிராபத்து வரை போகலாம். அந்த மருந்துகளை நிறுத்தினால் கண்ணசைவு உறக்கம் பொங்கி வந்து கனவுகள் பெருகும் என்பது உண்மைதான். கனவுக்காக அவற்றைத் தன்னிச்சையாக நிறுத்துவதைப்போல ஆபத்தான யோசனையை நான் கேட்டதில்லை.

ஊமத்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. வேலியோரத்தில் நிற்கும் அந்தச் செடி கனவைத் தரும் என்ற பேச்சு அவ்வப்போது இளைஞர்களிடையே எழுகிறது. அதிலுள்ள அற்றோப்பினும் ஸ்கோப்பலமினும் அசற்றைல்கோலினின் வேலையைத் தடுப்பவை. அதாவது மேலே சொன்ன குளிசைகளுக்கு நேரெதிர்த் திசையில் போகிறவை. அவை தருவது தெளிகனவு அன்று, தெளிவற்ற சித்தக்கலக்கம்: நாவறட்சி, கொதிக்கும் உடல், விரிந்த கண்மணி, இல்லாதவர்களோடு பேச்சு, சிறுநீர் தடைப்படல். தெளிகனவில் இது கனவு என்ற அறிவு முளைக்கிறது. ஊமத்தையில் முதலில் தொலைவது அந்த அறிவுதான்.

இனி, விற்றமின் என்ற பெயருக்கு வருவோம். அமெரிக்காவில் 1994இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, உணவுக் குறைநிரப்பியாக விற்கப்படும் பொருள் சந்தைக்கு வருமுன் அதன் பாதுகாப்பையோ பயனையோ அரசிடம் நிரூபித்து அனுமதி பெறத் தேவையில்லை. அதனால்தான் வைத்தியரின் சீட்டோடு மட்டும் மருந்தகத்தில் கிடைக்கும் கலன்ரமைன், அதே நாட்டில் வேறொரு தட்டில் குறைநிரப்பியாகச் சீட்டில்லாமலும் கிடைக்கிறது. மூலக்கூறு ஒன்று, பெயர்ப்பலகை இரண்டு. அப்படி விற்கப்பட்ட 10 கலன்ரமைன் குறைநிரப்பிகளை ஆய்வாளர்கள் பகுத்துப் பார்த்தபோது, தாளில் குறித்த அளவின் 2 வீதத்துக்கும் குறைவு முதல் 110 வீதம் வரை மருந்து இருந்தது. மருந்தாக விற்கப்பட்ட குளிசைகளிலோ குறித்த அளவே ஏறத்தாழச் சரியாக இருந்தது. கனடாவில் 2017இல் 31 மெலற்றோனின் தயாரிப்புகளைப் பரிசோதித்தபோது, குறித்ததைவிட 83 வீதம் குறைவாக இருந்ததும் உண்டு. 478 வீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. நான்கில் ஒன்றில் தாளில் சொல்லப்படாத செரற்றோனின் இருந்தது. ஒரு போத்தலில் அரைக் குளிசை எடுத்துப் பழகியவர், அடுத்த போத்தலில் அதே அரைக் குளிசையில் எவ்வளவு எடுக்கிறார் என்பதை எவ்வாறு அறிவார்?

இலங்கையில் மருந்துகளையும், மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட எல்லைநிலைப் பொருள்களையும் ஒழுங்குபடுத்தும் பொறுப்பு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபைக்குக் கொடுக்கப்பட்டுள்ளது. ஆனால் உறவினரின் பெட்டியில் உடுப்புக்கிடையே வரும் போத்தல் எந்தப் பதிவேட்டையும் தொடுவதில்லை. அந்தப் பெட்டியை நான் குறைத்துப் பேசவில்லை. மருந்துத் தட்டுப்பாடான காலங்களில் அது பல உயிர்களைக் காத்தது. அன்பின் அளவுகோலாகவே அதைப் பார்த்து நாம் வளர்ந்திருக்கிறோம். அந்த அன்பினால்தான் அதற்குள் இருப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

குளிசையை விட்டுவிட்டு, தெளிகனவு முயற்சியையே எடுத்துக்கொண்டாலும் கவலைப்பட வேண்டியவர்கள் உண்டு. இடைவிழித்து மீண்டும் உறங்கும்போது, மனம் விழித்தும் உடல் எழாமலும் கிடக்கும் உறக்கவாதம் வரலாம். ஊரில் பேய் அமுக்கியது என்று சொல்வது இதைத்தான். நெஞ்சின் மேல் யாரோ இருப்பது போன்ற அச்சம் பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் தீர்ந்துவிடும், உடலுக்குத் தீங்கில்லை, ஆனால் விளக்கம் தெரியாத பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது பல இரவுகளின் உறக்கத்தைக் கெடுக்கும். தெளிகனவை வலிந்து வரவழைக்கும் முயற்சிகளில் ஆழ்ந்து ஈடுபடுவோரிடம், சில மாதங்களில் தன்னிலை விலகல் (தன்னிடமிருந்தே விலகி நிற்பது போன்ற உணர்வு), நனவோடு கனவு கலத்தல் போன்ற அறிகுறிகள் கூடக்கூடும் என்று 2018இல் இஸ்ரேலிய ஆய்வு ஒன்று சுட்டிக்காட்டியது. தனக்கோ குடும்பத்திலோ உளப்பிறழ்வு நோய் இருந்தவர்கள் இந்த வழியில் இறங்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கோ, நினைவைப் பதிப்பிக்கும் உறக்கத்தை ஒவ்வோர் இரவும் நடுவில் உடைப்பதே போதிய இழப்பு.

யாழ்ப்பாணத்தில் இந்தக் குளிசைகளைத் தேடுவோர் எல்லோரும் பறந்து பார்க்கும் ஆசையில் தேடுவதில்லை. 2009 வரை நீண்ட போரின் மனவடு இன்னும் பலருடைய இரவுகளில் இருக்கிறது: ஷெல் சத்தம், பதுங்குகுழி, தேடிக் கிடைக்காத முகம். கெட்ட கனவுக்குள் இது கனவு என்று தெரிந்தால் அதிலிருந்து வெளியே வரலாமே என்ற ஏக்கம் நியாயமானது. தெளிகனவைக் கெட்ட கனவுக்குச் சிகிச்சையாக ஆராய்ந்தவர்களும் உண்டு. ஆனால் அவை சிறிய ஆய்வுகள். இவற்றைவிடப் பலமான ஆதாரம் உள்ள முறை ஒன்றுக்குக் குளிசையே தேவையில்லை. திரும்பத் திரும்ப வரும் கனவைப் பகலில் எழுதி, அதன் போக்கைத் தான் விரும்பியபடி மாற்றி எழுதி, அந்தப் புதிய வடிவத்தை நாள்தோறும் சில நிமிடங்கள் மனதில் ஓட்டிப் பார்ப்பதே அது. பயிற்சி பெற்றவரின் துணையோடு அதைச் செய்வது நல்லது; யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உளநல மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. கண்ணசைவு உறக்கத்தை வலுப்படுத்தும் மருந்தை, அந்த உறக்கமே பகையாகிப் போன ஒருவருக்குத் தனியறையில் கொடுத்தால், கெட்ட கனவும் சேர்ந்தே வலுக்கக்கூடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, கெட்ட கனவால் வருந்துவோர் இந்தப் போத்தலைத் தாமாகத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவையும் அன்றைக்கே ஒரே மூச்சில் அந்த மாணவனுக்குச் சொல்லவில்லை. போத்தலில் உள்ள மூன்று பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் யார் யார் என்னென்ன குளிசை எடுக்கிறார்கள் என்று பார்த்துவரச் சொன்னேன். மாலையில் திரும்பி வந்தபோது அவன் முகம் மாறியிருந்தது. தகப்பன் பிறசருக்கு அற்றெனோலோல் எடுக்கிறார்; அது இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்து. அம்மம்மா கால் விறைப்புக்கு நரம்புக் குளிசை எடுக்கிறார். கடந்த இரண்டு வாரமாக இந்தப் போத்தலிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்திருக்கிறார், ஞாபகசக்திக்கு என்று. காலையில் ஓங்காளிப்பதை வாய்வு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாராம்.

போத்தலை அலுமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் மறுநாளே அம்மம்மாவை வைத்தியரிடம் அழைத்துப் போகவும், போத்தலையும் கையோடு கொண்டு போகவும் சொன்னேன். வைத்தியர் நாடியைப் பார்த்து, இதயத்தின் மின்பதிவு எடுத்து, ஓங்காளம் குறையும் வரை நரம்புக் குளிசையையும் நிறுத்தச் சொன்னாராம். பின்னர் அம்மம்மாவின் கிளினிக் கொப்பியைத் திறந்து, எடுக்கும் மருந்துகள் எழுதியிருந்த பக்கத்தின் அடியில், ஹூப்பர்சீன் என்ற பெயரையும் அது எத்தனை நாள் எடுக்கப்பட்டது என்பதையும் எழுதிவைத்திருக்கிறார்.